‘ஷரீஅத் சட்டம்’ என்று செய்தி வந்தால் அதை எப்படிப் படிப்பது

எங்கோ ஒரு நாட்டில் ஒரு தீர்ப்பு வருகிறது. ‘ஷரீஅத் சட்டப்படி’ என்ற இரண்டு சொல்லோடு அது உலகம் முழுக்கச் சுற்றி வருகிறது. ஒரு தரப்பு ‘பார்த்தீர்களா, இதுதான் இஸ்லாம்’ என்கிறது, இன்னொரு தரப்பு ‘இதற்கும் இஸ்லாத்துக்கும் சம்பந்தமே இல்லை’ என்கிறது, இரண்டு பேரும் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. நானும் பல வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கட்டத்தில் சட்டப் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான், நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு என்று புரிந்தது. ‘இது மார்க்கமா, இல்லையா’ என்று கேட்டால் சண்டைதான் வரும். ‘இதை எழுதியது யார், எப்போது, எந்த ஆலிமின், அதாவது மார்க்க அறிஞரின், கருத்தை எடுத்துக்கொண்டு, எந்த நீதிமன்றத்தின் கையில் கொடுத்தார்கள்’ என்று கேட்டால் பதில் வரும். அந்தக் கேள்விகளை எப்படிக் கேட்பது, எங்கே தேடுவது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்து வையுங்கள்

ஷரீஅத், ஃபிக்ஹ், கானூன், ஃபத்வா. இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதித் தகராறு.

ஷரீஅத் என்ற அரபுச் சொல்லுக்கு நீர்நிலைக்குப் போகும் வழி என்று பழைய பொருள். நம்பிக்கையாளரின் பார்வையில் அது இறைவன் வகுத்த வழி, அதில் தொழுகையும் நோன்பும் வியாபார நேர்மையும் பெற்றோரை எப்படி நடத்துவது என்பதும் சேர்ந்தே இருக்கின்றன. அதில் பெரும்பகுதிக்கு நீதிமன்றமே தேவையில்லை. ஃபிக்ஹ் என்பது வேறு. குர்ஆனையும் ஹதீஸையும் வைத்துக்கொண்டு, இஜ்மா (அறிஞர்களின் ஒருமித்த கருத்து), கியாஸ் (ஒப்புமை) போன்ற முறைகளால் மனிதர்கள் உழைத்துக் கண்டுபிடித்த விளக்கம் அது. ‘ஃபிக்ஹ்’ என்ற சொல்லுக்கே ‘புரிதல்’ என்றுதான் பொருள். புரிதல் என்றால் ஆளுக்கு ஆள் மாறும், மாறியும் இருக்கிறது. சுன்னி உலகில் ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி என்று நான்கு மத்ஹபுகள், அதாவது சட்டச் சிந்தனை மரபுகள், ஷியாக்களிடம் ஜஅஃபரி. ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு இவர்கள் வெவ்வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள், வந்துவிட்டு ஒருவரையொருவர் மதித்தும் இருக்கிறார்கள்.

கானூன் என்பது ஆட்சியாளர் போட்ட சட்டம். வரி, நிலம், காவல், நிர்வாகம் போன்றவற்றுக்கு ஃபிக்ஹ் நூல்களில் விடை இல்லாத இடங்களிலும், சில சமயம் விடை இருந்த இடங்களிலும்கூட, சுல்தான்கள் தங்கள் அதிகாரத்தில் சட்டம் போட்டார்கள். உஸ்மானிய சுல்தான் சுலைமானை மேற்கத்தியர்கள் ‘மகத்தானவர்’ என்று அழைத்தார்கள், அவருடைய சொந்த மக்களோ ‘கானூனி’ என்றார்கள், சட்டம் தந்தவர் என்ற பொருளில். அதாவது 16ஆம் நூற்றாண்டிலேயே, கலீஃபா என்ற பட்டமும் இருந்த ஒரு பேரரசில், மார்க்கச் சட்டமும் அரசுச் சட்டமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அந்தக் காலத்தில் எல்லாமே மார்க்கச் சட்டமாக இருந்தது, நவீன காலம் வந்துதான் கெடுத்தது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அப்புறம் ஃபத்வா. செய்திகளில் அதிகம் சிதைக்கப்படும் சொல் இதுதான். ஃபத்வா என்பது மார்க்க அறிஞர் ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு அவர் சொல்லும் கருத்து. அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஒருவரிடம் கேட்டு மனம் ஒப்பவில்லை என்றால் இன்னொருவரிடம் கேட்கலாம். காஜி, அதாவது நீதிபதி, கொடுக்கும் தீர்ப்புதான் கட்டுப்படுத்தும், ஏனென்றால் அதன் பின்னால் அரசின் கை இருக்கிறது. எனவே ‘ஃபத்வா போட்டுத் தடை செய்தார்கள்’ என்று படித்தால் உடனே நின்று பாருங்கள். தடை செய்தது ஃபத்வா சொன்ன அறிஞரான முஃப்தியா, அல்லது அவருடைய கருத்தை எடுத்து அமைச்சகமோ மன்னரோ உத்தரவாக்கினாரா? அந்த இரண்டாவது படிதான் சட்டம்.

எந்தச் சட்டம் என்று கேளுங்கள்

‘அந்த நாட்டில் ஷரீஅத் சட்டம்தான்’ என்று யாராவது சொன்னால், ‘எதற்கு?’ என்று திருப்பிக் கேளுங்கள். திருமணத்துக்கா, சொத்துக்கா, கடன் பத்திரத்துக்கா, திருட்டுக்கா? முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள பல நாடுகளில் ஃபிக்ஹ் இன்று உயிரோடு இருப்பது திருமணம், மணமுறிவு, பிள்ளைகளின் பொறுப்பு, வாரிசுரிமை, வக்ஃப் ஆகிய இடங்களில்தான். ஒப்பந்தம், கம்பெனி, போக்குவரத்து எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த வடிவம். எகிப்தின் சிவில் சட்டம் 1949இல் நடைமுறைக்கு வந்தது. அதை வடித்த அப்துர் ரஸ்ஸாக் அல் சன்ஹூரி பிரெஞ்சுச் சட்டமும் ஃபிக்ஹும் இரண்டும் ஆழமாகக் கற்றவர். அதன் முதல் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? எழுதப்பட்ட சட்டத்தில் விடை இல்லையென்றால் நீதிபதி வழக்காற்றைப் பார்க்க வேண்டும், அதிலும் இல்லையென்றால் ஷரீஅத்தின் கோட்பாடுகளைப் பார்க்க வேண்டும். மூன்றாவது இடம். துருக்கி இன்னும் தூரம் போனது, 1924இல் ஷரீஅத் நீதிமன்றங்களை மூடியது, 1926இல் சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத்தைத் தழுவி எழுதிக்கொண்டது, ஆனால் அதே 1924இல்தான் மசூதிகளையும் இமாம்களையும் அரசின் கீழ் கொண்டுவரும் தியானத் என்ற துறையையும் தொடங்கியது. எனவே துருக்கியைப் பற்றி ‘மதத்தையும் அரசையும் பிரித்துவிட்டார்கள்’ என்று எழுதினால் பாதிதான் சரி.

அரசியலமைப்பின் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்

எல்லோரும் செய்வது இதுதான். அரசியலமைப்பைத் திறந்து ‘இஸ்லாம்’ என்ற சொல்லைத் தேடுவது, கிடைத்ததும் மூடிவிடுவது. அந்த வரியை யார் விளக்குகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதற்கு எகிப்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

எகிப்தின் 1971 அரசியலமைப்பின் 2ஆவது பிரிவு, இஸ்லாமிய ஷரீஅத்தின் கோட்பாடுகள் சட்டமியற்றலுக்கு ‘ஒரு முதன்மை ஆதாரம்’ என்றது. 1980இல் அதைத் திருத்தி, அவைதாம் முதன்மை ஆதாரம் என்று மாற்றினார்கள். காகிதத்தில் பார்த்தால் பெரிய மாற்றம். இப்போது ஒரு வழக்கைப் பாருங்கள். அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவுக்கு அறுவைக் கருவிகள் வாங்கிய வகையில் பணம் பாக்கி. கருவி விற்றவர் வழக்குப் போட்டார், நீதிமன்றம் பாக்கியோடு தாமதத்துக்கான வட்டியையும் சேர்த்துக் கட்டச் சொன்னது, ஏனென்றால் சிவில் சட்டத்தின் 226ஆவது பிரிவு அதை அனுமதிக்கிறது, சிவில் விஷயத்தில் 4 சதவீதம், வணிகத்தில் 5 சதவீதம். அல் அஸ்ஹரின் தலைவர் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார். வட்டி ஹராம், 2ஆவது பிரிவு இருக்கிறது, எனவே 226 செல்லாது என்பது வாதம். சுன்னி உலகின் மிகப் பெரிய கல்வி நிலையங்களில் ஒன்று, வட்டி பற்றிய வழக்கு, அரசியலமைப்பே கையில். 1985இல் தீர்ப்பு வந்தது: மனு தள்ளுபடி. 2ஆவது பிரிவின் திருத்தம் சட்டமன்றத்துக்கு இடப்பட்ட கட்டளை, 1980க்குப் பிறகு வரும் சட்டங்களைத்தான் அதைக் கொண்டு சோதிக்கலாம், பழைய சட்டங்களைத் திருத்துவது சட்டமன்றத்தின் வேலை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு 1990களில் அதே நீதிமன்றம் இன்னொரு பிரிப்பைச் செய்தது. ஆதாரத்திலும் பொருளிலும் சந்தேகமே இல்லாத கட்டளைகள் ஒரு வகை, அவற்றை எந்தச் சட்டமும் மீற முடியாது. அறிஞர்கள் கருத்து வேறுபட்ட விஷயங்கள் இன்னொரு வகை, அவற்றில் காலத்தையும் மக்கள் நலனையும் பார்த்து ஆட்சியாளரே முடிவெடுக்கலாம். 1996இல் பள்ளிச் சீருடை பற்றிய அமைச்சரின் உத்தரவு, முகத்தை மூடும் நிகாபைப் பள்ளியில் அனுமதிக்கவில்லை என்று ஒரு தந்தை தம் மகள்களுக்காக வழக்குப் போட்டபோது, முகத்தை மூடுவது இரண்டாவது வகை என்று சொல்லி உத்தரவைச் செல்லும் என்றது. ஷரீஅத்தை முதன்மை ஆதாரமாக வைத்திருக்கும் அரசியலமைப்பைக் கொண்டே நிகாப் தடை காப்பாற்றப்பட்டது. சரியா தப்பா என்று நீங்கள் உங்கள் முடிவுக்கு வரலாம், ஆனால் 2ஆவது பிரிவை மட்டும் படித்திருந்தால் இந்த முடிவை யாராலும் ஊகித்திருக்க முடியாது.

எனவே, அரசியலமைப்பில் அந்த வரியைக் கண்டதும் அடுத்து தேட வேண்டியது அதன் சாவி யாரிடம் என்பது. ஈரானில் சாவி 12 பேர் கொண்ட காவலர் மன்றத்திடம் இருக்கிறது, 6 பேர் உச்சத் தலைவர் நியமிக்கும் ஃபகீஹ்கள், அதாவது ஃபிக்ஹ் அறிஞர்கள், 6 பேர் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் சட்ட வல்லுநர்கள். ஒரு மசோதா இஸ்லாத்துக்கு உகந்ததா என்பதில் அந்த 6 ஃபகீஹ்கள் சொல்வதுதான் முடிவு. 1980களில் நிலம், தொழிலாளர் சம்பந்தமான மசோதாக்களை இந்த மன்றம் ஃபிக்ஹைக் காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் 1988 ஜனவரியில் உச்சத் தலைவர் கொமெய்னி, இஸ்லாமிய ஆட்சி என்பதே முதல்நிலைக் கட்டளைகளில் ஒன்று, அது தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றுக்கும் முன்னுரிமை பெறும் என்று அறிவித்தார், அடுத்த மாதமே நாடாளுமன்றத்துக்கும் மன்றத்துக்கும் இடையே வரும் தகராறைத் தீர்க்க ‘ஆட்சி நலன்’ பார்க்கும் புதிய அவை ஒன்றும் வந்தது. மார்க்க அறிஞர்களே ஆளும் நாட்டில், அரசின் தேவை ஃபிக்ஹின் தலைக்கு மேல் வைக்கப்பட்டது. இதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். மார்க்கம் அரசைப் பிடித்துக்கொண்டது என்று நாம் நினைக்கும் இடத்திலும் அரசு மார்க்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

மலேசியாவில் சாவி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முஸ்லிம்களின் குடும்ப விஷயங்களும் சில மார்க்கக் குற்றங்களும் மாநிலங்களின் அதிகாரம், பொதுவான குற்றவியல் கூட்டரசின் அதிகாரம். 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் கிளந்தான் மாநிலத்தின் ஷரீஅத் குற்றவியல் சட்டத்திலிருந்து 16 பிரிவுகளைச் செல்லாது என்றபோது, ‘இஸ்லாத்தை நீதிமன்றம் தாக்கிவிட்டது’ என்று பலர் கொதித்தார்கள். தீர்ப்பு பேசியது அதைப் பற்றி இல்லை, இந்தக் குற்றங்களுக்குச் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்பதைப் பற்றி.

மத்ஹபைத் தேடுங்கள், கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பெண். கணவன் வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறானா, செத்துவிட்டானா, யாருக்கும் தெரியாது. செலவுக்குப் பணம் இல்லை. அவள் மறுமணம் செய்யலாமா? ஹனஃபி மத்ஹபின் பழைய விதிப்படி, அவன் வயதொத்தவர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும், சில அறிஞர்கள் அவனுக்கு 90 வயது ஆகும்வரை என்று கணக்குச் சொன்னார்கள். 25 வயதுப் பெண்ணுக்கு இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். மாலிகி மத்ஹபில் அவள் காஜியிடம் போகலாம், 4 வருடம் காத்திருக்க வேண்டும், பிறகு கணவன் இறந்தவளுக்குரிய இத்தா, அதாவது 4 மாதம் 10 நாள் இருந்துவிட்டு மறுமணம் செய்துகொள்ளலாம். இரண்டும் ஃபிக்ஹ்தான், இரண்டும் ஷரீஅத் என்ற பெயரில்தான் இருக்கின்றன.

பிரிட்டிஷ் இந்தியாவில் நீதிமன்றங்கள் ஹனஃபி விதியைப் பிடித்துக்கொண்டிருந்தன. கொடுமை செய்யும் கணவனிடமிருந்தோ காணாமல் போனவனிடமிருந்தோ விடுபட வேறு வழி தெரியாத சில பெண்கள், குறிப்பாக பஞ்சாபில், இஸ்லாத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்தார்கள், ஏனென்றால் மதம் மாறினால் நிகாஹ் முறிந்துவிடும் என்று அதே நீதிமன்றங்கள் ஏற்றன. கணவனிடமிருந்து விடுபட மார்க்கத்தையே கைவிட வேண்டிய நிலை. இதைப் பார்த்துக் கலங்கியவர்களில் ஒருவர் தேவ்பந்த் மரபின் பெரிய ஆலிம் அஷ்ரஃப் அலி தானவி. அவர் பரம்பரை ஹனஃபி. 1930களின் தொடக்கத்தில் அவர் அரேபியாவின் ஹிஜாஸில் இருந்த மாலிகி அறிஞர்களுக்கு எழுதிக் கேட்டு, தேவை கட்டாயமாகும்போது ஹனஃபிகள் இந்த விஷயத்தில் மாலிகி விதியை எடுத்துக்கொள்ளலாம் என்று விரிவான ஃபத்வா எழுதினார். அந்த உழைப்பின் தொடர்ச்சியாக 1939இல் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் வந்தது. 4 வருடம் கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு பெறலாம், அந்தத் தீர்ப்பும் 6 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும், இடையில் அவன் வந்து, கணவனின் கடமைகளைச் செய்யத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் ரத்தாகும். மதம் மாறுவதால் மட்டுமே மனைவியின் நிகாஹ் முறியாது என்றும் சேர்த்தார்கள். ஆனால் தீர்ப்பளிக்கும் நீதிபதி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று ஆலிம்கள் வைத்த நிபந்தனையை அரசு ஏற்கவில்லை.

இந்த ஒரு சட்டத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் பாருங்கள். மதீனாவில் பிறந்த மாலிகி மத்ஹபின் பழைய விதி, ஒரு ஹனஃபி ஆலிமின் மனவேதனை, காலனி அரசின் சட்டசபை, பஞ்சாபின் பெயர் தெரியாத பெண்கள். ஒரு மத்ஹபில் அடைபட்ட இடத்தில் இன்னொன்றின் கதவைத் திறப்பது 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகள் கையாண்ட வழி. உஸ்மானியர்களின் 1917 குடும்பச் சட்டம் இதைச் செய்தது. எகிப்தின் 1929 சட்டம் ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக்கை ஒன்றாகத்தான் கணக்கிடும் என்றது, நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்துக்கு மாறாக, ஹன்பலி அறிஞர் இப்னு தைமிய்யா முன்வைத்த கருத்தின் பக்கம் நின்று. எனவே ஒரு நாட்டின் குடும்பச் சட்டத்தைப் படிக்கும்போது ‘இது எந்த மத்ஹப்’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பிரிவு அந்த மத்ஹபை விட்டு வெளியே போயிருக்கிறது, யாருக்காகப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்

வாரிசுரிமையில் எல்லாம் குர்ஆனிலேயே தெளிவாக இருக்கிறது, அங்கே மாற்றத்துக்கு இடமே இல்லை என்பார்கள். பங்குகள் வசனத்திலேயே இருப்பது உண்மைதான். ஆனாலும் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு பெரியவர் இறக்கிறார். அவருக்கு இரண்டு மகன்கள், மூத்தவன் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டான், ஒரு மகளை விட்டுவிட்டு. இளையவன் உயிரோடு இருக்கிறான். வேறு வாரிசு இல்லை. சொத்தை 12 பங்காக வையுங்கள்.

பழைய சுன்னி ஃபிக்ஹ்படி மகன் இருக்கும்போது பேத்திக்கு வாரிசுப் பங்கு இல்லை, 12ம் இளையவனுக்கு. தாத்தா உயிரோடு இருக்கும்போதே அவளுக்கு வஸிய்யத் (உயில்) எழுதிவைத்திருக்கலாம், எழுதவில்லை என்றால் அவ்வளவுதான். எகிப்து 1946இல் ‘கட்டாய வஸிய்யத்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது: தாத்தா எழுதாவிட்டாலும் எழுதியதாகவே வைத்துக்கொள்வோம், அப்பாவுக்கு வந்திருக்கக்கூடிய பங்கு அவளுக்குப் போகட்டும், ஆனால் வஸிய்யத்தின் எல்லை மூன்றில் ஒன்று என்பதால் அதற்கு மேல் போகக் கூடாது. பேத்திக்கு 4, சித்தப்பாவுக்கு 8. பாகிஸ்தான் 1961இல் நேராகவே அப்பாவின் இடத்தில் பிள்ளையை உட்கார வைத்தது. பேத்திக்கு 6, சித்தப்பாவுக்கு 6. இந்தோனேசியாவில் 1991இல் வந்த தொகுப்பு ‘மாற்று வாரிசு’ என்ற வழியை எடுத்தது, அந்தத் தொகுப்பும் நாடாளுமன்றம் போட்ட சட்டமாக வரவில்லை, அதிபரின் அறிவுறுத்தலாக வந்தது.

எகிப்தின் வழி ஃபிக்ஹின் கட்டடத்துக்குள்ளேயே ஒரு சன்னலைக் கண்டுபிடித்தது, வஸிய்யத்தைப் பற்றிய வசனத்தையே துணைக்கு வைத்துக்கொண்டது, அதனால் மற்ற அரபு நாடுகள் பலவும் அதைப் பின்பற்றின. பாகிஸ்தானின் வழி சுவரையே இடித்தது, அங்குள்ள ஆலிம்கள் பலர் இன்றுவரை அதை ஏற்கவில்லை. பெற்றவனை இழந்த பிள்ளை வெறுங்கையோடு போகக் கூடாது என்ற கவலை மூன்றிலும் ஒன்றுதான். எனக்கு எகிப்தின் வழி பிடித்திருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன், மக்கள் மனதார ஏற்கும் சட்டம்தான் வீட்டுக்குள் நுழையும்.

தேதியைப் பாருங்கள்

இது சுலபமான வேலை, ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை. ஒரு பிரிவின் பக்கத்தில் எந்த வருடம் போட்டிருக்கிறது? பாகிஸ்தானின் மதநிந்தனைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் 1860, பிரிட்டிஷார் எழுதிய தண்டனைச் சட்டம், வழிபாட்டு இடங்களைச் சேதப்படுத்துவது பற்றியது. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 295-ஏ, 1927, அதுவும் பிரிட்டிஷார். குர்ஆனை அவமதிப்பது பற்றிய 295-பி, 1982. நபியவர்களை அவமதிப்பது பற்றிய 295-சி, 1986. ஒரே எண்ணின் கீழ் லண்டனும் இருக்கிறது, ராணுவ ஆட்சியாளர் ஜியாவுல் ஹக்கின் காலமும் இருக்கிறது. 1979இல் அவர் கொண்டுவந்த ஹுதூத் கட்டளைகளும், அதாவது ஃபிக்ஹில் அளவு வரையறுக்கப்பட்ட தண்டனைகள் பற்றியவையும், அப்படித்தான். மக்கள் கேட்டு, விவாதித்து வந்தவை இல்லை, ராணுவ ஆட்சியில் ஒரே அறிவிப்பாக வந்தவை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களே சிறைக்குப் போகும் அளவுக்கு அவை துயரம் தந்தன, 2006இல் நாடாளுமன்றம் அவற்றில் பாலியல் குற்றங்கள் பற்றிய பகுதியைத் திருத்தியது.

தேதி இன்னொன்றையும் காட்டும். பிரிவு 1, பிரிவு 2 என்று எண் போட்டுச் சட்டம் எழுதும் வழக்கமே இந்த மரபுக்குப் புதிது. அப்பாஸிய கலீஃபா ஒருவர் இமாம் மாலிக்கின் நூலை நாடு முழுவதுக்கும் ஒரே சட்டமாக்கலாம் என்று கேட்டபோது, நபித்தோழர்கள் பல ஊர்களுக்குப் பரவிவிட்டார்கள், ஒவ்வொரு ஊரும் தான் கற்றதைப் பின்பற்றுகிறது, அவர்களை விட்டுவிடுங்கள் என்று அவர் மறுத்ததாக மரபில் சொல்கிறார்கள். ஆயிரம் வருடம் கழித்து உஸ்மானியர்கள் 1869 முதல் 1876 வரை மஜல்லா என்ற சட்டத் தொகுப்பை எழுதினார்கள், 1851 பிரிவுகள், ஹனஃபி ஃபிக்ஹை ஐரோப்பியச் சட்டப் புத்தகத்தின் உருவத்தில் வார்த்தார்கள். அதன் 39ஆவது பிரிவு, காலம் மாறினால் விதிகளும் மாறுவதை மறுக்க முடியாது என்கிறது. சவூதி அரேபியாவில் நீதிபதிகள் பெரும்பாலும் ஹன்பலி நூல்களிலிருந்து நேரடியாகத் தீர்ப்பளித்து வந்தார்கள், குடும்பச் சட்டம் எழுத்தில் வந்தது 2022இல், சிவில் சட்டம் 2023இல். எழுதிவைத்தால் தீர்ப்பு எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரியும், அது நல்லது. ஆனால் எழுதும் கணத்தில் அரசு பல கருத்துகளில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து மற்றவற்றின் கதவைச் சாத்துகிறது, பொறுக்கும் அதிகாரம் ஆலிமிடமிருந்து அமைச்சகத்துக்குப் போய்விடுகிறது. இதை ஒரு இழப்பாகவே நான் பார்க்கிறேன்.

வழக்கத்தையும் சட்டத்தையும் சேர்த்துக் கட்டாதீர்கள் என்பதும் இங்கேயே சொல்ல வேண்டியது. சவூதியில் பெண்கள் கார் ஓட்டக் கூடாது என்பதற்கு எந்த ஃபிக்ஹ் நூலிலும் விதி இல்லை, பக்கத்து நாடுகளில் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 2017 செப்டம்பரில் ஓர் அரச ஆணை வந்தது, 2018 ஜூனில் ஓட்ட ஆரம்பித்தார்கள்.

தீர்ப்பின் காரணத்தைப் படியுங்கள், தலைப்பை இல்லை

நைஜீரியாவின் வடக்கில் 12 மாநிலங்கள் 1999க்குப் பிறகு ஷரீஅத் குற்றவியலைக் கொண்டுவந்தன. கட்சினா மாநிலத்தில் 2002இல், திருமணத்துக்கு வெளியே உறவு கொண்டதாக, ஒரு பெண்ணுக்குக் கல்லெறிந்து கொல்லும் தண்டனை விதித்தபோது உலகமே பேசியது. 2003 செப்டம்பரில் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானபோது பேசியவர்கள் குறைவு, எப்படி விடுதலையானார் என்று படித்தவர்கள் அதைவிடக் குறைவு. அவருக்காக வாதாடியவர்கள் ஃபிக்ஹை ஒதுக்கிவிட்டு மனித உரிமை மட்டும் பேசவில்லை. மாலிகி நூல்களைத் திறந்துவைத்துக்கொண்டே வாதாடினார்கள். ஒப்புதல் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறலாம். கர்ப்பத்தைச் சாட்சியாக ஏற்பது மாலிகி கருத்து, ஆனால் கரு வயிற்றில் வருடக்கணக்கில் ‘தூங்கும்’ என்பதும் அதே மாலிகி நூல்களில் உள்ள கருத்து, எனவே குழந்தை முன்னாள் கணவனுடையதாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஹத் (ஹுதூத் என்பதன் ஒருமை) தண்டனையை விலக்குங்கள் என்பது பழைய விதி. விசாரணையில் நடந்த நடைமுறைப் பிழைகளும் சேர்ந்தன. மேல்முறையீட்டு ஷரீஅத் நீதிமன்றமே அவரை விடுவித்தது. தண்டித்ததும் விடுவித்ததும் ஒரே மரபு என்றால், இடையில் மாறியது என்ன? வாதாட ஆள் கிடைத்தது. ஏழைப் பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர், முதல் விசாரணையில் வழக்கறிஞர் இல்லாமல் நின்றவர். சட்டத்தைப் படிக்கும்போது அந்தச் சட்டத்தின் முன் நிற்பவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

இனி நீங்களே ஒன்றை எடுத்துச் செய்து பார்க்க வேண்டும். பலதார மணத்தில் தொடங்கலாம், தகவல் தாராளமாகக் கிடைக்கும். துனிசியாவின் 1956 குடும்பச் சட்டத்தின் 18ஆவது பிரிவையும் மொராக்கோவின் 2004 குடும்பச் சட்டமான முதவ்வனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மனைவியரிடையே நீதமாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தி மட்டும் என்று சொல்வது குர்ஆனின் 4ஆவது அத்தியாயம், 3ஆவது வசனம். நீங்கள் எவ்வளவு விரும்பினாலும் நீதமாக நடக்க உங்களால் முடியாது என்பது அதே அத்தியாயத்தின் 129. துனிசியாவில் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்து, நடக்க முடியாத நிபந்தனையோடு வந்த அனுமதி அனுமதியே இல்லை என்று வாதிட்டு, பலதார மணத்தைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கினார்கள். மொராக்கோ மன்னர், அல்லாஹ் ஆகுமாக்கியதை நான் தடுக்க முடியாது, அவன் தடுத்ததை ஆகுமாக்கவும் முடியாது என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டு, அதே நீதத்தை அளக்கும் வேலையை நீதிபதியிடம் கொடுத்தார்: புறவயமான, விதிவிலக்கான காரணம் இருக்க வேண்டும், இரண்டு குடும்பத்தையும் நடத்தும் வசதி இருக்க வேண்டும், முதல் மனைவியை அழைத்துக் கேட்க வேண்டும், இன்னொரு திருமணம் கூடாது என்று அவள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் அனுமதியே கிடையாது. இரண்டு சட்டங்களையும் படித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் சாவி யாரிடம் போயிருக்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாட்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.